முதல் கோடு போடும்போதே வீரரைக் கேளுங்கள்

2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை அகமதாபாத் நடத்தும் என்பது 2025 நவம்பரில் உறுதியானது. 2036 ஒலிம்பிக்கையும் அதே நகரத்துக்குக் கொண்டுவர இந்தியா முயன்றுவருகிறது. அது கைகூடினாலும் கூடாவிட்டாலும், அடுத்த பத்தாண்டுகளில் நம் நாட்டில் அரங்கங்களும் நீச்சல் குளங்களும் ஓடுதளங்களும் ஏராளமாகக் கட்டப்படப்போகின்றன. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிதோறும் தலா ரூ.3 கோடியில் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டு வேலைகள் நடந்துவருகின்றன. எவ்வளவு செலவு, எத்தனை இருக்கைகள், எப்போது திறப்பு என்றெல்லாம் நாம் கேட்கிறோம். அங்கே ஓடப்போகிறவரிடம், குதிக்கப்போகிறவரிடம், நீந்தப்போகிறவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று மட்டும் கேட்பதில்லை.

வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். வரைபடம் தயாராகும், டெண்டர் விடுவார்கள், கட்டி முடிப்பார்கள். திறப்பு விழாவுக்கு ஊரின் பதக்க வீரரை அழைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். சம்பிரதாயத்துக்கு ஒரு பந்தை அடிக்கச் சொல்வார்கள். அந்த ஓர் அடியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும், விளக்கு எங்கே இருந்திருக்க வேண்டும், சுவருக்கு எந்த நிறம் பூசியிருக்கக் கூடாது என்று. ஆனால், சொல்லிப் பயனில்லை. கான்கிரீட் காய்ந்து பல மாதங்கள் ஆகியிருக்கும்.

ஒரு பேட்மிண்டன் கூடத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணாந்து பார்த்தே ஆட வேண்டிய ஆட்டம் அது. எதிராளி உயரத் தூக்கிப்போட்ட இறகுப்பந்தை ஸ்மாஷ் அடிக்கக் கழுத்தை நிமிர்த்தும்போது கண்ணுக்கு நேரே விளக்கு எரிந்தால், பந்து அந்த வெளிச்சத்துக்குள் காணாமல் போய்விடும். அதனால், விளக்குகள் ஆடுகளத்தின் உச்சியில் இருக்கக் கூடாது. இரண்டு பக்கவாட்டிலும் நீளவாக்கில் இருக்க வேண்டும். ஆடுகளத்தின் கடைக்கோடிச் சுவர் வெள்ளையாக இருந்தால் வெள்ளை இறகு கண்ணுக்குத் தட்டுப்படாது. அடர்த்தியான நிறம் வேண்டும். அந்தச் சுவரில் ஜன்னல் வைத்தால் மாலை வெயில் முகத்தில் அடிக்கும். பந்தின் எடை ஐந்து கிராம்தான். ஏசி குழாயின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து, கோட்டுக்குள் விழ வேண்டிய பந்து வெளியே போய் விழும். மாவட்ட அளவில் ஆடும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் இவை அத்துப்படி. இருந்தும், வெள்ளையடித்த சுவரும் உச்சியில் விளக்கும் கொண்ட கூடங்கள் இன்னும் எழுகின்றன. கல்யாண மண்டபத்துக்கும் பேட்மிண்டன் கூடத்துக்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் தெரியாது. மட்டை பிடித்தவருக்குத்தான் தெரியும்.

லண்டனில் நடந்தது

2012 ஒலிம்பிக்குக்காக லண்டனில் கட்டப்பட்ட சைக்கிள் பந்தய அரங்கத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. கட்டடக் கலைஞரைத் தேர்ந்தெடுக்கும் நடுவர் குழுவிலேயே கிறிஸ் ஹாய் என்ற சைக்கிள் வீரருக்கு இடம் கொடுத்தார்கள். அப்போது அவர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், களத்தில் இருந்துகொண்டிருந்தவர். ஹாப்கின்ஸ் என்ற கட்டடக்கலை நிறுவனம் தேர்வான பிறகும் அவருடைய பங்கு முடிந்துவிடவில்லை. வடிவமைப்பாளர்கள் அவரிடம் தொடர்ந்து யோசனை கேட்டார்கள்.

ஹாய் எங்கிருந்து வந்தவர் என்பதைப் பார்த்தால், அவரைக் கேட்டது ஏன் சரி என்பது விளங்கும். எடின்பரோ நகரின் மெடோபேங்க் ஓடுதளத்தில் சைக்கிள் பழகியவர் அவர். 1970 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட இடம் அது. தளம் மரத்தாலானது. மேலே கூரை கிடையாது. ஸ்காட்லாந்து மழை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மரப்பலகை நனைந்தால் சக்கரம் வழுக்கும். அன்றைய பயிற்சி அதோடு சரி. பிற்பாடு உலகின் நல்ல அரங்கங்களிலெல்லாம் ஓட்டியவரும் அவரே. மிக மோசமான களத்தில் தொடங்கி மிகச் சிறந்த களம்வரை சொந்த உடம்பால் அறிந்தவர்கள் உச்சத்துக்குப் போன விளையாட்டு வீரர்கள். புகழைவிட, அவர்களைக் கேட்பதற்கு இதுவே முதல் காரணம் என்பேன்.

அந்த அரங்கத்தில் என்ன செய்தார்கள்? பந்தய நேரத்தில் ஓடுதளத்தை ஒட்டிய காற்றைச் சுமார் 28 டிகிரி வெப்பத்தில் வைத்திருந்தார்கள். பார்வையாளருக்குச் சற்றுப் புழுக்கம்தான். ஆனால், காற்று சூடாகும்போது அதன் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் சைக்கிளை எதிர்த்துத் தள்ளும் விசையும் குறையும். மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குக் காற்றுதான் முதல் எதிரி. ஒரு கதவு திறந்து குளிர்ந்த காற்று உள்ளே நுழைந்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு பெரிய கூடத்தைச் சூடாக்குவது செலவு பிடிக்கும் காரியம் என்பதால், கட்டடத்தையே தடத்தையும் இருக்கைகளையும் ஒட்டி இறுக்கமாக அமைத்தார்கள். குதிரைச் சேணம்போல் வளைந்த அந்தக் கூரையை உலகமே படம்பிடித்தது. அந்த வளைவு அழகுக்காக மட்டும் வந்ததல்ல. உள்ளே சூடாக்க வேண்டிய காற்றின் அளவையும் அது குறைத்தது.

இருக்கைகளும் அப்படித்தான். நேர்ப்பகுதிகளில் மட்டும் இருக்கைகள் வைத்தால், வீரர் வளைவுக்குள் போகும்போது கூட்டத்தின் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். களைத்துப்போன கடைசிச் சுற்றில் அந்த அமைதி காலைக் கனக்க வைக்கும். லண்டனில் கீழ்த்தட்டு இருக்கைகளைத் தடத்தைச் சுற்றி முழுவதுமாக அமைத்தார்கள். ஆறாயிரம் பேரின் குரல் 250 மீட்டர் சுற்று முழுவதும் விடாமல் வீரரோடு கூடவே ஓடியது. தொலைக்காட்சியில் அந்தப் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், மணி அடித்துக் கடைசிச் சுற்று தொடங்கும்போது வர்ணனையாளரின் பேச்சு காதில் விழவில்லை.

தடத்தைப் போட்ட ரான் வெப்பும் பழைய பந்தய வீரர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஐரோப்பாவின் ஆறு நாள் பந்தயங்களில் ஓட்டியவர். பிறகு ஓடுதளம் அமைப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். மான்செஸ்டர், சிட்னி, ஏதென்ஸ் அரங்கங்களின் தடங்களும் அவர் கைவண்ணமே. லண்டனில் சைபீரியப் பைன் மரத்தை 56 கிலோமீட்டர் நீளத்துக்குப் பட்டை பட்டையாகப் பதித்து, மூன்றரை லட்சம் ஆணிகளை அடித்தார்கள். வளைவுகளில் தளம் 42 டிகிரிவரை செங்குத்தாக எழும். நேர்ப்பகுதியிலிருந்து அந்தச் சரிவுக்குள் போகும் இடத்தில் சைக்கிள் எப்படித் திரும்பும், வெளியே வரும்போது வேகம் எங்கே கூடும் என்பதைக் கணக்குப் போட்டும் சொல்லலாம். ஓட்டிப் பார்த்தவருக்கு அந்தக் கணக்கில் எதைச் சேர்க்க வேண்டும் என்பது தெரியும்.

2011 பிப்ரவரியிலேயே அரங்கம் திறக்கப்பட்டது. ஒலிம்பிக்கில் அங்கே நடந்த 10 போட்டிகளில் 7 தங்கத்தைப் பிரிட்டன் வென்றது. அவற்றில் இரண்டு ஹாய் வென்றவை. அரங்கம்தான் பதக்கம் வாங்கிக் கொடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. பல ஆண்டுகள் திட்டமிட்டு உருவாக்கிய அணி அது. தவிர, அந்தச் சூடான காற்று எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. சீன வீராங்கனைகளும் அங்கே உலக சாதனை படைத்தார்கள். 2015இல் பிராட்லி விக்கின்ஸ் அதே தடத்தில் ஒரு மணி நேரத்தில் 54.526 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை செய்தார். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: 2014 முதல் அந்த அரங்கம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. கட்டணம் கட்டி, சைக்கிளை வாடகைக்கு எடுத்து, சாதாரண மனிதர்களும் ஒலிம்பிக் தடத்தில் ஓட்டுகிறார்கள். உச்ச வீரருக்காகச் சரியாகப் போட்ட தளம் புதிதாகப் பழக வருகிறவரையும் பத்திரமாகச் சுமக்கிறது.

அதே ஒலிம்பிக் பூங்காவில் ஜஹா ஹதீத் வடிவமைத்த நீச்சல் அரங்கம் இருக்கிறது. அலைபோல் எழுந்து தாழும் அதன் கூரை மனத்தை அள்ளும். ஆனால், ஒலிம்பிக் நேரத்தில் மேல்வரிசை இருக்கைகள் சிலவற்றில் உட்கார்ந்தவர்களுக்கு 10 மீட்டர் டைவிங் மேடை சரியாகத் தெரியவில்லை. பெரிய கலைஞரின் பெருமையை இது குறைத்துவிடாது. கட்டடத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். நீச்சல் குளத்தின் மேற்கூரையையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது அண்ணாந்து பார்த்து வியக்கும் பொருள். மல்லாந்து நீந்தும் வீரருக்கோ அதுதான் வழிகாட்டி. கூரையில் நேர்க்கோடு ஒன்று கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு நேராகப் போவார். கோடுகள் வளைந்தோ சாய்ந்தோ இருந்தால் தடுப்புக் கயிற்றில் கை இடிக்கும்.

மலையை அறிந்தவர்

சுவிட்சர்லாந்தின் பெர்ன்ஹார்ட் ருசி 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு டவுன்ஹில் பந்தயத்தில் தங்கம் வென்றவர். ஓய்வுபெற்ற பிறகு டவுன்ஹில் தடங்களை வடிவமைப்பதில் இறங்கினார். 1992இல் வால் திசேர் நகரின் பெல்வார்ட் சரிவு, 1994இல் நார்வேயின் க்விட்ஃபெல், 2002இல் அமெரிக்காவின் ஸ்னோபேசின், 2014இல் சோச்சி, 2018இல் தென்கொரியாவின் ஜியோங்சியோன், 2022இல் பெய்ஜிங்குக்கு அருகே யான்சிங் என்று ஒலிம்பிக் தடங்கள் பல அவர் கையில் உருவானவை. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வீரர் காற்றில் எழும்பினால் எங்கே இறங்குவார், இறங்கிய மறுகணம் அடுத்த திருப்பத்துக்குத் தயாராக அவர் காலில் என்ன மிச்சம் இருக்கும் என்பதை வைத்துத் தடம் போட வேண்டும். யான்சிங் தடத்தில் 2020இல் நடக்க வேண்டிய முன்னோட்டப் பந்தயம் கொரோனாவால் ரத்தானது. ஒலிம்பிக்குக்கு வந்த பிறகுதான் வீரர்கள் அந்த மலையை முதன்முறையாகப் பார்த்தார்கள். அப்படியிருந்தும் பலர் அதைப் பாராட்டினார்கள்.

ஆனால், சாம்பியன் போட்ட தடம் என்பதாலேயே எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. பெல்வார்டில் திருப்பங்கள் அதிகம், வேகம் குறைவு என்று அன்றைய வேகப்பந்தய வீரர்கள் சிலர் கடுமையாகக் குறைகூறினார்கள். இருபதாண்டுகளுக்கு முன்பு பதக்கம் வென்றவரின் உடம்பு அறிந்ததும், இன்றைய கருவியோடு களத்தில் இருப்பவரின் உடம்பு அறிவதும் ஒன்றல்ல. கேட்பதென்றால் இருவரையும் கேட்க வேண்டும்.

ஜியோங்சியோனில் வேறொரு பிரச்சினை. காரிவாங் மலையின் பழமையான காட்டில் பல்லாயிரம் மரங்களை வெட்டித்தான் அந்தத் தடம் உருவானது. தென்கொரியாவின் சூழலியலாளர்கள் கடைசிவரை எதிர்த்தார்கள். சில நாள் போட்டிக்காக ஒரு காட்டை இழக்கலாமா என்பது பந்தய வீரரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டிய கேள்வியே அல்ல. தடம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் சொல்லலாம். அது அந்த இடத்தில் வரலாமா என்று சொல்ல அந்த மண்ணின் மக்கள் இருக்கிறார்கள். வீரரின் குரலுக்காக வாதாடும்போது இந்த எல்லையையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

கேட்காமல் விட்டால்

2010 பிப்ரவரி 12. கனடாவின் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் அன்று மாலைதான் தொடங்கவிருந்தது. விஸ்லர் பனிப்பாதையில் லூஜ் வீரர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சிறிய சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டிப் பாயும் போட்டி அது. ஜார்ஜியா நாட்டின் நோடர் குமாரிதாஷ்விலி கடைசி வளைவில் கட்டுப்பாட்டை இழந்து, 140 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாதையின் சுவரைத் தாண்டித் தூக்கியெறியப்பட்டு, ஓரத்திலிருந்த இரும்புத் தூணில் மோதி இறந்தார். அவருக்கு வயது 21. அந்தத் தூணைச் சுற்றி மெத்தைத் தடுப்பு எதுவும் இல்லை.

உலகின் மிக வேகமான பாதை என்று அது முன்பே பெயர் பெற்றிருந்தது. வேகம் எல்லைமீறிப் போகிறது என்று வீரர்கள் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். விபத்துக்கு முந்தைய நாள்கூட ஆஸ்திரேலிய வீராங்கனை ஹன்னா கேம்ப்பெல்-பெக், எங்களை மோதல் சோதனைக்கு வைக்கும் பொம்மைகளாக நினைக்கிறார்களா என்ற பொருள்படப் பேசியிருந்தார். கனடா வீரர்களுக்கு அந்தப் பாதையில் பயிற்சி தாராளமாகக் கிடைத்தது, வெளிநாட்டினருக்குக் குறைவாகவே தரப்பட்டது என்ற மனக்குறையும் இருந்தது. விசாரணை அதை விபத்து என்றே முடித்தது. அந்த இளைஞருக்கு அந்தப் பாதையில் போதிய அனுபவம் இல்லை என்பதையும் குறிப்பிட்டது. வீரர்களைக் கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால், மரணத்துக்குப் பின் ஒரே இரவில் சுவர் உயர்ந்தது, பனியின் வடிவம் மாறியது, ஆண்களின் புறப்பாட்டு இடம் அதுவரை பெண்கள் புறப்பட்ட இடத்துக்கு இறக்கப்பட்டது. ஒரே நாளில் செய்ய முடிந்ததை முன்பே ஏன் செய்யவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அடுத்து 2014 சோச்சிக்காகப் போட்ட பாதையில் வேகத்தைத் தணிக்க மூன்று இடங்களில் மேட்டுப்பகுதிகள் வைத்தார்கள்.

கார் பந்தயத்தில் இந்த வலியை முந்தைய தலைமுறையே அனுபவித்தது. 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில் விபத்துக்குள்ளான காருக்குள் பெட்ரோலில் நனைந்தபடி சிக்கிக்கிடந்த ஜாக்கி ஸ்டுவர்ட், அதன் பின் பந்தயப் பாதைகளின் பாதுகாப்புக்காகப் பிடிவாதமாகப் போராடினார். ஓட்டுநர்கள் ஒன்றுசேர்ந்து மறுத்ததால் 1969இல் ஸ்பா பந்தயம் நடக்கவில்லை. 1970இல் ஜெர்மன் பந்தயம் நூர்பர்க்ரிங்கிலிருந்து ஹாக்கன்ஹைமுக்கு மாறியது. அடுத்த ஆண்டே நூர்பர்க்ரிங் திருத்தப்பட்டது. வெறும் ஆலோசனையாகச் சொன்னபோது கேட்காதவர்கள், வரமாட்டோம் என்றதும் கேட்டார்கள்.

பெண்கள் கால்பந்தில் அந்த வலிமை இன்னும் வரவில்லை. 2015 உலகக் கோப்பையைக் கனடாவில் செயற்கைப் புல்தரையில் நடத்த முடிவானபோது அமெரிக்காவின் ஆபி வாம்பாக், பிரேசிலின் மார்த்தா, ஜெர்மனியின் நாடின் ஆங்கரர் உள்ளிட்ட முன்னணி வீராங்கனைகள் 2014 அக்டோபரில் ஒன்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்தை நாடினார்கள். ஆண்கள் உலகக் கோப்பை எல்லாம் இயற்கைப் புல்லில் நடக்க, எங்களுக்கு மட்டும் ஏன் இது என்பது அவர்கள் வாதம். செயற்கைத் தரையில் சறுக்கி விழுந்தால் தோல் உரியும். அமெரிக்க வீராங்கனை சிட்னி லெரூ தன் முழங்காலுக்குக் கீழே ரத்தம் வழியும் படத்தை அதற்கு முன்பே உலகுக்குக் காட்டியிருந்தார். போட்டி நெருங்கிய நிலையில், 2015 ஜனவரியில் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். தொடக்க நாளில் எட்மன்டன் மைதானத் தரையின் வெப்பம் 49 டிகிரியாகப் பதிவானது. அதற்கடுத்த 2019, 2023 கோப்பைகள் இயற்கைப் புல்லில் நடந்தன. 2026 ஆண்கள் உலகக் கோப்பைக்கோ, வழக்கமாகச் செயற்கைத் தரை இருக்கும் அமெரிக்க அரங்கங்களிலும் இயற்கைப் புல் விரிக்க வேண்டும் என்பது விதி. முடியாத காரியம் என்று பெண்களிடம் சொன்னது, ஆண்களுக்கு என்றதும் முடிகிறது. யாரைக் கேட்கிறோம் என்பதோடு, யார் கேட்டால் செவிசாய்க்கிறோம் என்பதும் சேர்ந்ததுதான் இந்த விவகாரம்.

நம் ஊர்க் கணக்கு

இந்தியாவில் 2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், விளையாட்டுக் கூட்டமைப்புகளின் நிர்வாகக் குழுவில் சாதனை வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம் தர வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம். ஆனால், அரங்கம் கட்டுவது கூட்டமைப்புகள் அல்ல. பொதுப்பணித் துறையும் விளையாட்டு ஆணையங்களும் மாநகராட்சிகளும் கட்டுகின்றன. அங்கே வரைபடத்தை ஒரு வீரர் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இந்தச் சட்டத்தில் இல்லை. 2001இல் ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் பட்டம் வென்ற கோபிசந்த், தமக்குத் தெரிந்த முறையில் ஒரு பயிற்சிக்கூடம் வர வேண்டுமென்று ஹைதராபாத்தில் தாமே முன்னின்று கட்டினார். அதற்காக வீட்டை அடமானம் வைத்தார். சாய்னாவும் சிந்துவும் அங்கே பயிற்சி பெற்று ஒலிம்பிக் பதக்கம் வென்றார்கள். ஒரு வீரருக்குத் தெரிந்ததைக் கட்டடமாக்க அவர் வீட்டை அடகுவைக்க வேண்டியிருந்தது என்பது எனக்குப் பெருமையைவிட வருத்தத்தையே அதிகம் தருகிறது.

தமிழ்நாட்டின் தடகள வீரர் ஒருவரிடம் சிறு விளையாட்டரங்க வரைபடத்தைக் காட்டினால் என்ன சொல்வார்? பெரும்பாலும் முதலில் விளக்கைப் பற்றித்தான் கேட்பார். நம் வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் ஓட முடியாது. பயிற்சியெல்லாம் விடியுமுன்னும் பொழுது சாய்ந்தும்தான். கேலரிக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு விளக்குக் கம்பங்களுக்குப் போனால் ஆண்டில் 300 நாள் பயன்படும். அடுத்து, நீளம் தாண்டும் குழி. கடலோர மாவட்டங்களில் பிற்பகலில் கடற்காற்று எழும்பும். ஓடுபாதையின் இரண்டு முனையிலும் மணற்குழி இருந்தால், காற்றைப் பார்த்து எந்தத் திசையில் ஓடுவது என்று முடிவுசெய்யலாம். ஒரு முனையில் மட்டும் குழி வெட்டி, அதுவும் எதிர்க்காற்றுப் பக்கம் அமைந்துவிட்டால் அந்த ஊர்ப் பிள்ளை காலமெல்லாம் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். பிறகு, உயரம் தாண்டும் மெத்தையை வைக்க ஓர் அறை. அந்த அறை இல்லாமல் வடகிழக்குப் பருவமழையில் நனைந்து ஊறிப் பாழாகும் மெத்தைகளை எத்தனையோ மைதானங்களில் பார்க்கலாம். வாங்கிய விலையில் பாதி இருந்தால் அறையே கட்டியிருக்கலாம்.

பெண்களிடம் கேட்டால் பட்டியல் வேறாக இருக்கும். உடை மாற்றும் அறையின் தாழ்ப்பாள், கழிப்பறையில் தண்ணீர், நாப்கின் போட ஒரு தொட்டி, மைதானத்திலிருந்து பஸ் நிறுத்தம்வரை தெருவிளக்கு. பதினான்கு, பதினைந்து வயதில் பயிற்சிக்கு வருவதை நிறுத்தும் பெண்பிள்ளைகளில் பலர் இவை இல்லாததால்தான் நிறுத்துகிறார்கள். ஓடுதளத்தின் ரப்பர் என்ன தரம் என்று வாதிடும் நாம் இதைப் பேசக் கூச்சப்படக் கூடாது.

மாற்றுத்திறன் வீரர்களை அழைப்பது தமிழ்நாட்டுக்கு இன்னும் எளிது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற சேலத்து மாரியப்பன் தங்கவேலு இருக்கிறார். 2024 பாரிஸில் பேட்மிண்டன் பதக்கங்கள் வென்ற துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்ய ஸ்ரீ சிவன் இருக்கிறார்கள். நித்ய ஸ்ரீ ஆடுவது உயரம் குறைந்தவர்களுக்கான பிரிவு. கை கழுவும் தொட்டி எந்த உயரத்தில், கதவின் கைப்பிடி எங்கே, வீரர்கள் உட்காரும் பெஞ்சு எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் அந்தப் பிரிவில் ஆடுகிறவர்களை விட்டுவிட்டு எந்த விதிப்புத்தகத்தைப் பார்த்து முடிவுசெய்வோம்? சாய்தளம் போட்டாகிவிட்டது என்று கணக்கு முடிக்கிறோம். அந்தச் சாய்தளத்தின் முடிவில் ஒரு படி இருப்பது சக்கர நாற்காலியில் வருகிறவருக்குத்தான் தெரிகிறது.

பொறியாளர்கள் சொல்லும் தடைகளையும் ஒதுக்கிவிட முடியாது. வீரர்களுக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது, ஆளுக்கொன்று கேட்பார்கள், எல்லாமே உச்சத் தரத்தில் வேண்டுமென்பார்கள் என்கிறார்கள். வரைபடம் புரியாவிட்டால் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டலாம், ஓடிப்பார்க்கச் சொல்லலாம். ஆளுக்கொன்று கேட்பது உண்மைதான். குண்டு எறிபவரும் கால்பந்து ஆடுபவரும் ஒரே புல்வெளிக்குச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை காகிதத்தில் நடந்தால் ஒரு ரப்பர் துண்டு செலவு. கட்டிய பிறகு நடந்தால் ஜேசிபி வர வேண்டும். பணம் போதாது என்றால் அதைச் சொல்லி, எதை விடலாம் என்று அவர்களையே கேட்கலாம். மோசமான மைதானத்தில் வளர்ந்தவர்களுக்கு எது இல்லாமல் சமாளிக்கலாம், எது இல்லாமல் முடியவே முடியாது என்பது நன்றாகவே தெரியும்.

டெண்டர் விடும் முன்பே அந்தந்த விளையாட்டின் முன்னாள், இந்நாள் வீரர்களும் வீராங்கனைகளும், மாற்றுத்திறன் வீரர்களும், உள்ளூர்ப் பயிற்றுநர்களும் மனையிடத்துக்கு வந்து பார்க்க வேண்டும். வருகிறவர்களுக்குப் பொன்னாடைக்குப் பதிலாகப் பொறியாளருக்குத் தருவதுபோல் ஆலோசனைக் கட்டணம் தர வேண்டும். ஒரு நாள் பயிற்சியை விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்கள் சொன்னதை எழுத்தில் பதிந்து பொதுவில் வைக்க வேண்டும். ஏற்காத யோசனைக்குக் காரணத்தையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். அரங்கம் திறந்து ஓராண்டு கழித்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்த பிறகு, அதே ஆட்கள் திரும்ப வந்து ஆய்வுசெய்ய வேண்டும். ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டிய கடைசித் தவணையை அவர்கள் கையெழுத்திட்ட பிறகே விடுவிக்க வேண்டும்.